வேட்டி கட்டிப் போன விசாரணை

எங்கள் வீட்டுக்காரர் குணசீலன் போலீஸில் ஏட்டு. உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு வாய்த்த வேலை அப்படி. தேர் ஓடினால் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். மந்திரி வந்தால் ரோட்டோரம் வெயிலில் நிற்பார். மறியல் என்றால் மறிக்கிறவர்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நிற்பார். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு தடவை மேச்சேரிக் கிடா ஒன்று காணாமல் போன புகார் இவர் கைக்கு வந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, இவர் வண்டியைக் கிளப்புவதற்குள் கிடா தானாகவே பட்டிக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருடு போன ஆடு கிடைத்ததற்கு வருத்தப்பட்ட ஒரே போலீஸ்காரர் இவராகத்தான் இருப்பார்.

இந்த வருஷத்தோடு ஓய்வு. "ஒரே ஒரு கேஸு, நானா விசாரிச்சு முடிச்சுட்டேன்னா போதும்" என்று பல் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். "மொதல்ல உங்க கண்ணாடி எங்கிருக்குதுன்னு கண்டுபுடிங்க" என்பேன். அது பெரும்பாலும் அவர் நெற்றியில்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கேஸ் வந்தது.

தான்சானியா என்ற நாட்டிலிருந்து எலியா என்று ஒரு இன்ஸ்பெக்டர், ஏதோ போலீஸ் பயிற்சிக்காக நம் நாட்டுக்கு வந்திருந்தார். பயிற்சிக்கு நடுவில் மூன்று நாள் விடுமுறை. மற்றவர்கள் ஊட்டிக்குப் போக, எலியா மட்டும் மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நாமக்கல் பக்கம் வந்து இறங்கிவிட்டார். அவருடைய அம்மா இருக்கும் கிராமத்தில் நம் ஊர் ரிக் வண்டிக்காரர்கள் போய் ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சோலார் பலகை நிறுத்தி, உள்ளே மோட்டார் இறக்கி, தண்ணீரும் கொட்டியிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் இல்லை, குழாய் இல்லை, ஒயர் இல்லை. பலகை மட்டும் வெயில் காய்ந்துகொண்டு நிற்கிறது. அதற்கு முந்தின நாள் அங்கே கடைசியாக வந்து மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போனவன் சபரிநாதன் என்கிற ரிக் டிரில்லர். அதோடு ஒப்பந்தம் முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். ஊர், புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி.

வேறு யார் மேல் சந்தேகம் வரும்?

எங்கள் வீட்டுக்காரருடைய மேலதிகாரி, "ஏட்டய்யா, நீங்க கூடப் போங்க. யூனிபார்ம் வேண்டாம். இன்னா விஷயம்னு யாருக்கும் மூச்சு விடக் கூடாது. வெளிநாட்டு சமாச்சாரம், அப்புறம் பேப்பர்ல போட்டுடுவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஊரில் மூச்சு விடாமல் விசாரிப்பதென்றால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று எலியாவை எங்கள் ராசிபுரத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார். வாசலில் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது, அவ்வளவு உயரம். இவருடைய இங்கிலீஷ் 'எஸ் சார், நோ சார்' தாண்டி ஒரு எட்டு எடுத்து வைக்காது. அதனால் என் மகள் சத்யபிரியா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி நடத்தினாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளுக்கு வந்த வரன்களை அவள் தட்டிக்கழித்த கதையை ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், விடுங்கள்.

எலியா பொறுமையாகச் சாப்பிட்டார். பள்ளிப்பாளையம் சிக்கனில் மிளகாயைத் தனியாக எடுத்து வைக்கத் தெரியாமல் அப்படியே மென்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார். நல்ல மனுஷன்.

"எங்கம்மாவுக்கு வயசாயிருச்சு. அந்தப் போர் வந்தப்ப இனிமே நடக்க வேண்டாம்னு சந்தோசப்பட்டாங்க. இப்ப மறுபடியும் குடத்தோட நடக்கறாங்க. இந்த ஆளு திருடியிருந்தா நான் சும்மா உட மாட்டேன். பிடிவாரண்டு வாங்கி, கோர்ட்டுல நிறுத்தாம ஓய மாட்டேன்" என்று அவர் சொன்னதை என் மகள் சொன்னாள். சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

பிறகு தன் தொழில் அனுபவத்தையும் எடுத்துவிட்டார். கேள்வி கேட்க வந்தவனுக்கு முதலில் டீ கொடுக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கண்டுபிடித்த சூத்திரம். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். இந்த சூத்திரப்படி பார்த்தால் எங்கள் ஜில்லாவில் ஜெயில் பத்தாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் பெட்டியிலிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்தார். வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு. "மாறுவேசம்" என்றார். மொழி சொல்ல மகள் வேண்டுமே, அவளும் நல்ல சேலையாக ஒன்று கட்டிக்கொண்டாள். எலியா சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டார். வாடகைக் கார் வந்தது. முதல் தடவை ஒரு ஊருக்குள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான்தான் ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வேறு வேலை இருந்ததால் நான் போகவில்லை. போயிருந்தால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

நடந்ததை அவர்கள் திரும்பி வந்து சொல்லக் கேட்டது இது.

ஊர் முகப்பில் மாதேஷ் என்பவனின் டீக்கடை. கார் நின்றதும் இவர் இறங்கித் துண்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இந்த ஊருல சபரிநாதன்னு ஒரு பையன். ஆளு எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

மாதேஷ் ஒரு நிமிஷம் இவரைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பழப்பையைப் பார்த்தான். உள்ளே உட்கார்ந்திருந்த எலியாவையும் என் மகளையும் பார்த்தான். சட்டென்று பெஞ்சைத் துடைத்தான். "உக்காருங்க சாமி. மொதல்ல டீ சாப்புடுங்க" என்றான்.

எலியா என் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆரம்பமே இப்படி.

"சபரியுங்களா? தங்கமான பையனுங்க. குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது. ஆப்பிரிக்காவுல ரிக்குல இருந்தானுங்க. அள்ளிக்கிட்டு வந்துட்டானில்ல!"

"அள்ளிக்கிட்டா? என்னத்தையுங்க?" என்று இவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்னத்த இல்லைன்னு கேளுங்க. மூணு தலமொறைக்கு ஒக்காந்து சாப்புடலாம்."

அதற்குள் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். மாடி வீடு கட்டப் போகிறான் என்றார் ஒருவர். புதுக் கார் சொல்லி வைத்திருக்கிறான் என்றார் இன்னொருவர். "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று ஒரு பெரியவர் நடுவில் கேட்டதற்கு, இவர் பேச்சு சுவாரசியத்தில் "கண்ணங்கூட்டமுங்க" என்று சொல்ல, "அவங்க வேற கூட்டந்தான், ஒத்து வரும்" என்று அந்தப் பெரியவர் எல்லாருக்கும் அறிவித்தார். ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அந்தக் கேள்வியைப் பெண் விஷயத்துக்குத்தான் கேட்பார்கள். இத்தனை வயதான மனுஷனுக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை.

சபரிநாதன் அன்று ஊரில் இல்லை. மேச்சேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய அம்மா பாவாயிதான் வீட்டில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் கச்சாயப் பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். என் மகளின் கையைப் பிடித்து, "ஏங்கண்ணு, கருத்துப் போயி வந்திருக்கறயே, வெயிலா?" என்று கேட்டாராம். என் மகளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு போலீஸ்காரர்கள் கேள்வி கேட்கும் வேகத்தில் மொழிபெயர்த்தே வாய் வலித்துவிட்டது என்றாள்.

"அங்கிருந்து வாரப்ப மோட்டாரு கீட்டாரு ஏதாவது கொண்டாந்தாருங்களா?" என்று இவர் கடைசியாகக் கேட்டார். தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டுதான் கேட்டிருப்பார்.

மாதேஷுக்கு அது போதும். "வாங்க காட்டறேன்" என்று காட்டுக்கு அழைத்துப் போனான். வாழைக்கு நடுவில் பளபளவென்று சோலார் மோட்டார் செட். தண்ணீர் திமுதிமுவென்று கொட்டுகிறது. "சபரியோடதுங்க. வெளிநாட்டு அயிட்டம்" என்றான். பக்கத்தில் இருந்த பெயர்ப்பலகை மேல் யாரோ ஒரு ஈரச் சேலையைக் காயப்போட்டிருந்தார்கள்.

எலியா அந்தச் சோலார் பலகைகளைச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். தண்ணீரில் கை வைத்தாராம். "எங்கம்மா தண்ணி இங்க கொட்டுது" என்று மட்டும் சொன்னாராம்.

சாயங்காலம் இவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது இவர் நடையே மாறியிருந்தது. "கேஸு முடிஞ்சுது" என்று துண்டை உதறிப் போட்டார். எலியாவின் முகத்தில் வெற்றி இல்லை, கோபம்தான் இருந்தது. மறுநாளே அறிக்கை அனுப்பப் போவதாகச் சொன்னார்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டீ கொடுத்தார்களா? கொடுத்தார்கள். என்ன கூட்டம் என்று கேட்டார்களா? கேட்டார்கள். பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லை என்றார்களா? சத்தியம் செய்யாத குறை. தோட்டத்தைக் காட்டினார்களா? காட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, நீங்க திருட்டுக் கேஸு விசாரிக்கப் போனீங்களா, நம்ம புள்ளைக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனீங்களா?"

இவருக்கு இன்னும் புரியவில்லை. "பட்டுக்கரை வேட்டி, பழப்பை, கார், கூடக் கல்யாண வயசுல ஒரு புள்ள, சாட்சிக்குப் பையன் வேலை பாத்த நாட்டுலயிருந்து ஒருத்தர்! போயி நின்னு 'பையன் எப்படி'ன்னு கேட்டா, எந்த ஊர்க்காரன் உண்மை சொல்லுவான்?"

எங்கள் பக்கம் இப்போது பெண் கிடைப்பது அவ்வளவு சிரமம். ரிக்கிலும் லாரியிலும் ஓடுகிற பையன்கள் முப்பது தாண்டி நிற்கிறார்கள். வரன் விசாரிக்க ஒரு கார் ஊருக்குள் நுழைந்தால், அந்தக் காரை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு மாதிரி. இல்லாததை இருக்கிறது என்பார்கள். அடுத்தவன் தோட்டத்தைக் காட்டுவார்கள். அதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி கிடையாது, தர்ம காரியம் செய்த திருப்திதான்.

இதை என்னைவிட யார் சொல்ல முடியும்? என் அப்பா இவரை விசாரிக்கப் போனபோது, "பையனக் கூட்டிட்டுப் போறதுக்கு ஜீப்பு ஊட்டு வாசலுக்கே வரும்" என்று ஊரே சொன்னது. அப்பா ஏதோ இன்ஸ்பெக்டர் போலிருக்கிறது என்று மகிழ்ந்து தட்டு மாற்றிவிட்டு வந்தார். ஜீப் வந்தது உண்மைதான். ஸ்டார்ட் ஆகாத அந்த ஜீப்பைத் தள்ளத்தான் இவரைக் கூட்டிப் போனார்கள்.

இதை என் மகள் இங்கிலீஷில் சொன்னதும் எலியா விழுந்து விழுந்து சிரித்தார். இவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே கேஸ் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது, பாவம்.

சிரித்து முடித்த எலியா, "வாயால சொன்னது பொய்யா இருக்கலாம். மோட்டார் பொய் சொல்லாதே?" என்றார். அது நியாயமான கேள்வி. ஊர்க்காரர்கள் ஆசையாகச் சொன்ன பொய், ஒருத்தன் பேரைத் திருடன் என்று எழுத வைக்கப் போகிறது. அந்தப் பாவாயி அம்மா வேறு எண்ணெய்ச் சட்டியை ஏற்றியிருக்கிறார்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் இவர் இன்னொரு காரியம் செய்தார். வேட்டியால்தானே வினை என்று காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். சொன்னால் கேட்கவா போகிறார்?

டீக்கடையில் இறங்கி, "சபரிநாதனைப் பத்திக் கொஞ்சம் கேக்கோணும்" என்றார். மாதேஷ் வானத்தைப் பார்த்தான். "சபரிநாதனா? அப்படி யாரும் எங்க ஊருல இல்லீங்களே."

"யோவ், நேத்து நீதான்யா சொன்ன!"

"நேத்து வந்தது பொண்ணு ஊட்டுக்காரருங்க. நீங்க போலீசு."

"ரெண்டும் நான்தான்யா!"

மாதேஷ் பார்த்துப் பார்த்து, கடைசியில் காருக்குள் இருந்த எலியாவையும் என் மகளையும் கண்டு அடையாளம் புரிந்துகொண்டான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வேட்டி கட்டிப் போனால் குபேரன், காக்கி போட்டுப் போனால் ஆளே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையை எங்கே போய்த் தேடுவது?

எனக்குத் தெரியும். ஒருத்தரைப் பற்றி நல்லது மட்டும் கேள்விப்பட்டால் அவருடைய பங்காளியைத் தேடிப் போக வேண்டும். "ஏனுங்க மாதேஷு, சபரி ஊட்டுக்கும் எந்தப் பங்காளிக்கும் பேச்சு வார்த்தை இல்லை?" என்றேன். அவன் முகம் செத்துப்போனது. அந்த மாதிரிக் கேள்வி பெண் வீட்டுப் பொம்பளைகள் மட்டும் கேட்கிற கேள்வி.

அவன் பதில் சொல்வதற்குள் காட்டுப் பக்கமிருந்து ஒருவர் கையில் ஒரு சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எவடா என்ற பேருக்கு மேல சேலை போட்டது?" என்று தூரத்திலிருந்தே கத்தினார். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'என்ற' என்றால் 'என்னுடைய'.

அவர்தான் சென்றாயன். சபரிநாதனின் பங்காளி. கிணற்றுப் பாத்தியதைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியூர்க் காதுகுத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் அவருடைய மோட்டாரைச் சபரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது.

நான் கும்பிடு போட்டு, "அண்ணா, சபரிநாதன் எப்படிப்பட்ட பையனுங்க?" என்று கேட்டேன். அவர் அதற்காகவே பிறந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"அவனா? ஆப்பிரிக்கா போயும் உருப்படாத பய. வெறுங்கையோட வந்தானுங்க. ஒரு தகரப் பொட்டி, ரெண்டு லுங்கி. சம்பாரிச்சதையெல்லாம் அங்கயே எவனுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறான், பொழைக்கத் தெரியாதவன்! மாடி ஊடு கட்டறானாம். ஓட்டு மேல தார்ப்பாய் போட்டிருக்கறான், போயிப் பாருங்க. காரா? இருக்கற மொபட்டுக்கு டயரு மாத்த வக்கில்லை. அந்த மோட்டாரு என்றது! பேரு போட்டிருக்குது, வந்து பாருங்க. அவன நம்பிப் புள்ளையக் குடுத்துடாதீங்க சாமி!"

சொல்லச் சொல்ல என் மகள் எலியாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க எலியாவின் தோள் இறங்கியது. சந்தேகப்பட்டவனை இதைவிடச் சுத்தமாக எந்த வக்கீலும் விடுவித்திருக்க முடியாது. நேராகப் போய்ப் பெயர்ப்பலகையையும் பார்த்தார். மானியத்தில் வாங்கியது, சென்றாயன் பேர்தான் இருந்தது.

இவ்வளவு ஆன பிறகு மறைத்து என்ன ஆகப் போகிறது என்று இவர் விஷயத்தை உடைத்துவிட்டார். சபரி மேல் திருட்டுச் சந்தேகம், அதற்காகத்தான் இந்த வெளிநாட்டு அதிகாரி வந்திருக்கிறார் என்றார்.

யார் முதலில் பொங்கியது என்று நினைக்கிறீர்கள்? சென்றாயன்தான். "என்ற பங்காளியத் திருடன்னு சொல்ல இவரு யாருங்க? அவனத் திட்டறதுக்கு நான் இருக்கறன். அவன் ஊதாரி, ஏமாளி, எல்லாந்தான். அடுத்தவன் பொருளத் தொட மாட்டான். எழுதிக்கச் சொல்லுங்க அவர!" என்று எலியாவுக்கு எதிரே போய் நின்றார். எலியாவின் மார்பு உயரம்தான் இருந்தார், இருந்தாலும் எலியா ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் சபரிநாதன் வந்து சேர்ந்தான். பாவாயி முந்தின நாளே 'பெரிய எடம் வந்திருக்குது, கூட நீ இருந்த நாட்டுக்காரரும் ஒருத்தர்' என்று போன் போட்டிருக்கிறார். ராத்திரியெல்லாம் ரிக்கில் நின்றுவிட்டு, உடம்பெல்லாம் போர்த் தூசியோடு மொபட்டை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். வந்தவன் எலியாவைப் பார்த்ததும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, தலையைத் தாழ்த்தி, "ஷிகமூ" என்றான். அது அந்த நாட்டில் பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கமாம். எலியா தன்னை அறியாமல் பதில் வணக்கம் சொல்லிவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு அந்த மொழியிலேயே கடகடவென்று பேசினார். மோட்டார் போனது, அவன் மேல் சந்தேகம், எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பாவாயி மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபரிநாதன் கோபப்படவில்லை. நான் திருடவில்லை என்றும் சொல்லவில்லை. ஏதோ ஒன்றைக் கேட்டான். திரும்பவும் அதையே கேட்டான்.

எலியா என் மகளின் பக்கம் திரும்பி மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். "என்ன கண்ணு கேக்கறாரு?" என்று இவர் உலுக்கிய பிறகுதான் அவள் எங்களுக்குச் சொன்னாள்.

"'நான் இவனைத் திருடன்னு சொன்னேன். இவன், அப்ப உங்கம்மா தண்ணிக்கு எவ்வளவு தூரம் போறாங்கன்னு கேக்கறான்'னு சொல்றாருப்பா."

பிறகு மாதேஷ்தான் தொண்டையைச் செருமினான். "ஏனுங்க, மோட்டாரு, பைப்பு, ஒயரு எல்லாமே சேந்து காணமுங்களா?"

"ஆமா."

"அட, உள்ள உழுந்திருக்குமுங்க!" என்று நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. "கிளாம்பு நழுவியிருக்கும்!" "போன வருசம் எங்குளுது இப்படித்தான் போச்சு!" "எங்குளுது ரெண்டு தடவை!" சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு. எங்கள் பக்கம் போருக்குள் மோட்டாரை விடாத குடும்பம் கிடையாது. முந்தின நாளே விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் கேஸ் முடிந்திருக்கும். மூச்சு விடக் கூடாது என்று சொன்ன அதிகாரி வாழ்க.

"டார்ச் அடித்துப் பார்த்தார்களே, ஒன்றும் தெரியவில்லையே" என்றார் எலியா. டார்ச்சில் ஆழம் தெரியாது, முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே விட வேண்டும் என்று பத்துப் பேர் கையை ஆட்டி நடித்தே காட்டினார்கள். எலியா அம்மாவுக்கு வீடியோ போன் போட்டார். அங்கே அப்போதுதான் காலை வெயில் ஏறியிருந்தது. யாரோ சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். செல்போன் ஆடியது, மண் தெரிந்தது, கால்கள் தெரிந்தன. டீக்கடையில் ஒருத்தர் தோள் மேல் ஒருத்தர் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இன்னும் கொஞ்சம் சாய்ங்க! சாய்ங்க!" என்று சென்றாயன் தமிழில் ஆப்பிரிக்காவுக்கு உத்தரவு போட்டார்.

பிறகு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். ஒரு வயதான அம்மா போனுக்குள் முகத்தை நுழைத்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எலியா எங்களைப் பார்த்தார். "குழாய்" என்றார், தமிழில். வந்த மூன்று நாளில் அவர் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

சபரிநாதன் போனை வாங்கி, கொக்கி எப்படிச் செய்வது, எங்கே மாட்டி இழுப்பது என்று அந்த மொழியில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எலியா அவனைப் பேசவே விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோட்டெல்லாம் போர்த் தூசி. எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருடனே இல்லாத கேஸ் என்றாலும் முடித்தது அவர்தானே என்று நான் மெதுவாகச் சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது, எதற்கு மறைக்க வேண்டும்?

எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது பாவாயி மட்டும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு எங்கள் எதிரே வந்து நின்றார்.

"என்ற பையன் திருடலைன்னு ஆயிப்போச்சு, சந்தோசமுங்க. அப்ப..." என்று நிறுத்தினார். "அப்ப நீங்க பொண்ணு ஊட்டுக்காரங்களே இல்லீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இத்தனை பேச்சுப் பேசுகிற எனக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை. சபரிநாதன் கூச்சத்தில் மொபட்டைத் தூக்கி நிறுத்தப் போனான்.

என் மகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். வந்த வரன் எல்லாவற்றையும் தட்டிக்கழித்தவள். ஏன் என்று கேட்டால், "வந்தவங்கெல்லாம் நம்ம ஊட்டு வசதியைப் பத்தித்தாம்மா கேட்டாங்க" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்ததாவே வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

காரில் திரும்பும்போது முன் சீட்டில் எலியா பெரிதாகச் சிரித்துக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் பையனப் பத்தி ஒரு தடவை நல்லா விசாரிச்சுட்டா தேவல" என்றார்.

"ஊரே பொய் சொல்லி, பங்காளி உண்மை சொல்லி, வெளிநாட்டுப் போலீசே வந்து விசாரிச்ச மாப்பிள்ளைங்க. இதுக்கு மேல என்னத்த விசாரிப்பீங்க? பேசாம வாங்க" என்றேன்.